எட்டு, பேரல், மைக்

அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து பொழுது விடியும் முன்னே கிளம்புகிற பால் திருமுல்லைவாயிலுக்கும் வருகிறது. சரஸ்வதி நகர் வீடுகளுக்கும் அதே பாக்கெட்தான், சி.டி.எச். ரோட்டு டீக்கடைக்கும் அதே பாக்கெட்தான். டீக்கடையில் நின்று நாளைக்கு நாலு கிளாஸ் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்தபின் பாத்திரத்தில் மிஞ்சுகிற அரை டம்ளரைக் குடிப்பவள் பெரும்பாலும் அம்மா. இந்தப் பால் ஆணின் வயிற்றுக்குள் போனால் சாதுவாக இருக்கும், பெண்ணின் வயிற்றுக்குள் போனால் நேராக இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்கிற விஞ்ஞான உண்மை 2021 மார்ச் வரை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்துச் சொன்னவர் திண்டுக்கல் ஐ. லியோனி.

இடம், கோவை மாவட்டம் தொண்டாமுத்தூர் தொகுதி. சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம். தி.மு.க. வேட்பாளர் கார்த்திகேய சிவசேனாபதி, காங்கேயம் மாட்டினத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர் என்று பெயர் வாங்கியவர். எதிரே நின்றவர் அப்போதைய உள்ளாட்சித் துறை அமைச்சர் எஸ்.பி. வேலுமணி. அவர்மீது தி.மு.க.வே ஊழல் புகார்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தது. பேச விஷயமா இல்லை? ஆனால் பேச்சு நாட்டு மாட்டில் தொடங்கி, வெளிநாட்டு மாட்டுக்குப் போய், அந்த மாட்டின் பாலில் வழுக்கி, தமிழ்நாட்டுப் பெண்களின் இடுப்பில் வந்து நின்றது. அந்தக் காலத்துப் பெண்களின் இடுப்பு எட்டு போட்ட மாதிரி இருக்குமாம். பிள்ளையைத் தூக்கி வைத்தால் கச்சிதமாக உட்காருமாம். இப்போது பேரல் மாதிரி ஆகிவிட்டதாம், பிள்ளை நிற்காமல் வழுக்குகிறதாம்.

வேலுமணியின் டெண்டர்களை அளக்க வந்தவர், வாக்காளர்களில் பாதிப் பேரின் இடுப்பை அளந்துவிட்டுப் போனார். தொகுதியில் வேலுமணியே ஜெயித்தார் என்பது தனிக் கதை.

எங்கள் ஊர் அம்மனுக்குக் கொடியிடை நாயகி என்றே பெயர். மாசிலாமணீசுவரர் கோயிலில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்கே கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டுமென்று பெண்கள் பஸ் மாறி, ரயில் மாறி வந்து சேருவார்கள். அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். சிசேரியன் இடுப்பு, தையல் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்த இடுப்பு, மாதவிடாய் நின்றபின் பெருத்த இடுப்பு, தண்ணீர்க் குடம் சுமந்து ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு. கொடி என்று சொல்லத்தக்க இடுப்பு அதில் அபூர்வம். ‘உன் இடுப்பு பேரல் மாதிரி இருக்கிறது, நீ போய் வா’ என்று அம்மன் ஒருத்தியையும் திருப்பி அனுப்பியதாகத் தகவல் இல்லை. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த மேடைக்குத்தான் இடுப்பளவு பார்த்து மரியாதை கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

அளக்க ஆசைப்பட்டால் அந்த மேடையிலேயே அளந்திருக்கலாமே! தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய் முன்வரிசை நாற்காலிகளைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையின் நாலாவது பட்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். கரைவேட்டி தொப்பைக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்று முடிவு தெரியாமல் தொங்கும். சால்வை போர்த்த வருகிற தொண்டர் கை எட்டாமல் தவிப்பார். இவர்கள் குடித்தது எந்த மாட்டுப் பால்? இந்த உடம்புகளில் ஒன்றையாவது, ஒரே ஒரு தடவையாவது, எந்தப் பேச்சாளராவது எட்டு என்றோ பேரல் என்றோ சொன்னதுண்டா? சொன்னால் அடுத்த கூட்டத்துக்குக் கவர் வராது. பெண்ணின் இடுப்பைச் சொன்னால் கவரும் வரும், கைதட்டலும் வரும்.

லியோனி ஏதோ தெருவோரத்தில் மைக் கிடைத்ததும் உளறிய ஆள் கிடையாது. பள்ளி ஆசிரியராக இருந்தவர். பட்டிமன்ற நடுவராக ஊர் ஊராகச் சுற்றி, கேசட் காலத்திலேயே வீட்டுக்கு வீடு குரல் போய்ச் சேர்ந்தவர். பிறகு கலைஞர் டிவியின் பண்டிகைக்காலப் பட்டிமன்றங்களில் நடுவர் நாற்காலி. சினிமாப் பாட்டைப் பாடியே கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்தவர். தன் அரசியலை ஒளித்து வைக்காதவர். எதிர்க்கட்சித் தலைவர்களைக் கிண்டலடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது என்பதை எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் அவரைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. தெரியாமல் பேசினார் என்றால் விட்டுவிடலாம். எந்த வரிக்கு எந்த வரிசை சிரிக்கும் என்று முப்பது ஆண்டு அனுபவத்தில் தெரிந்தவர் பேசினார்.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். டிவி பட்டிமன்றத்தைத் தீபாவளி காலையில் வீட்டுக்குள் இருந்து பார்க்க வேண்டும். ஹாலில் அப்பா, மாமா, மாப்பிள்ளை எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை மாட்டிச் சோபாவில். அடுக்களையில் அம்மா வடை தட்டிக்கொண்டிருப்பாள். டிவி அவள் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் எட்டும். தலைப்பு பெரும்பாலும் ஒரே அச்சு: குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, நிம்மதி கல்யாணத்துக்கு முன்பா பின்பா. முதல் பத்து நிமிடம் பொண்டாட்டி. அவள் வைத்த சாம்பார், அவள் வாங்கிய புடவை, அவள் பூரிக்கட்டை, அவள் அம்மா வீட்டுக்குப் போனால் கணவனுக்குப் பிறக்கும் சுதந்திரம். ஹாலில் சிரிப்பு. அடுக்களையில் எண்ணெய்ச் சத்தம். ‘என்னம்மா, கேட்டியா?’ என்று ஹாலிலிருந்து ஒரு குரல். ‘கேட்டேன், கேட்டேன். சட்னி ஆறிப்போகுது, வந்து தின்னுங்க’ என்று பதில். அவள் கையில் கரண்டி இருக்கிறது, மைக் இல்லை.

டிவியில் அந்த நேரத்தில் கேமரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அரசியல் நையாண்டி வந்தால் கேமரா தலையாட்டும் ஆண்களுக்குப் போகும். பொண்டாட்டி ஜோக் வந்தால் கேமரா பெண்களைத் தேடும். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ஷாட்தான் ஜோக்கின் சான்றிதழ். ‘பாருங்கள், அவர்களே சிரிக்கிறார்கள், உங்களுக்கு என்ன வந்தது?’ எடிட்டிங் மேஜையில் சிரிக்காத முகங்களை வெட்டிவிட்டால் எதிர்ப்பும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருந்த பெண், வேறு எதற்கோ சிரித்த பெண், பக்கத்து மாமியாருக்குப் பயந்து சிரித்த பெண் எல்லாரும் அந்த ஷாட்டில் ஒரே பெண்ணாகிவிடுகிறார்கள்: ஜோக்கை ரசித்த பெண்.

பெண் பேச்சாளர்களும் மேடையில் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். புத்திசாலிகள், படிப்பாளிகள், பலர் ஆண் பேச்சாளர்களைவிட நன்றாகவே பேசுகிறார்கள். அவர்கள் புருஷன் ஜோக் சொல்லிக் கணக்கை நேர் செய்கிறார்களாம். கணக்கு நேராகிறதா என்ன? புருஷன் ஜோக்கில் புருஷன் சோம்பேறி, மறதிக்காரன், பாவம் அப்பாவி. பொண்டாட்டி ஜோக்கில் பொண்டாட்டி பேராசைக்காரி, வாயாடி, குண்டு. ஒன்றில் குறை அவன் செய்கையில், இன்னொன்றில் குறை அவள் உடம்பில். பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்குப் போனபின் எந்தப் புருஷனும் கண்ணாடி முன்னால் நின்று தன் இடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

அரசியல் கிண்டலுக்கும் பொண்டாட்டி ஜோக்குக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஆட்சியில் இருப்பவரைக் கிண்டலடித்தால் வழக்கு வரலாம், சேனல் கேபிளில் கடைசிக்குத் தள்ளப்படலாம், விளம்பரம் நிற்கலாம். அதனால் அரசியல் ஜோக்குக்குத் துணிச்சல் வேண்டும். துணிச்சலை எவ்வளவு நேரம் தாங்க முடியும்? நடுநடுவே மூச்சு வாங்க ஓர் இடம் தேவைப்படுகிறது. யாரை இழுத்தால் வழக்குப் போடமாட்டார்களோ, யாரை இழுத்தால் கட்சி பேதமில்லாமல் ஆண்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரிப்பார்களோ, அவள்தான் அந்த இடம். முதல்வரைக் கடித்துவிட்டு வந்த வாய் அவள் மேல் இளைப்பாறுகிறது. ஆளும் கட்சிக்காரனும் எதிர்க்கட்சிக்காரனும் கைகோத்துச் சிரிக்கிற ஒரே சர்வகட்சிக் கூட்டம் இது. இதற்குப் பெயர் நகைச்சுவையாம், அதிலும் முற்போக்கு நகைச்சுவையாம்!

இடுப்புப் பேச்சுக்கு வருவோம். வீடியோ பரவியது. அதே வாரத்தில் தி.மு.க.வின் ஆ. ராசா, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் தாயாரை இழுத்துப் பேசிய பேச்சும் சேர்ந்துகொண்டது. பழனிசாமி பிரசார மேடையில் கண்கலங்கினார். தேர்தல் ஆணையம் ராசாவுக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை விதித்தது. ஒரு முதலமைச்சரின் அம்மா என்றால் 48 மணி நேரம். தமிழ்நாட்டு அம்மாக்கள் அத்தனை பேரின் இடுப்புக்கும் சேர்த்து ஒரு மணி நேரத் தடைகூட இல்லை. தி.மு.க.வில் கனிமொழி மட்டும், யாராக இருந்தாலும் பெண்களை இழிவாகப் பேசுவது கண்டிக்கத்தக்கது என்று பெயர் சொல்லாமல் ட்விட்டரில் எழுதினார்.

தேர்தல் முடிந்தது, தி.மு.க. ஆட்சி வந்தது. ஜூலை 2021. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தலைவராக லியோனி நியமிக்கப்பட்டார். மார்ச்சில் இடுப்பு, ஜூலையில் பாடநூல். நடுவில் நாலு மாதம்.

ஆவின் தலைவராகப் போட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கும், பால் பற்றிய ஆய்வு தொடர்ந்திருக்கும். பாடநூல் கழகம் எதற்கு? ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண் அறிமுகம் வருகிற பக்கங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஒன்றுக்கு ஒரு சூரியன், இரண்டுக்கு இரண்டு கண், ஐந்துக்கு ஐந்து விரல். எட்டுக்கு என்ன படம் போடுவது என்று குழு கூடி யோசித்திருக்குமோ? மேல் வகுப்பில் உருளையின் கனஅளவு வரும்போது பேரலை யார் இடுப்பில் வைத்து விளக்குவது? படம் வரைகிறவருக்கு மாடலாக யாரைக் கூப்பிடுவார்கள்? கூப்பிடவில்லை, வரையவில்லை, புத்தகங்கள் ஒழுங்காகத்தான் வந்தன. ஆனால் அந்த விலையில்லாப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரசுப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற பதினான்கு வயதுப் பெண், போனில் அந்த இடுப்பு வீடியோவையும் பார்த்திருப்பாள். குண்டு என்று வகுப்பில் யாராவது கேலி செய்தால் டீச்சரிடம் போய்ச் சொல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். டீச்சருக்குப் புத்தகம் அனுப்புகிற கழகத்தின் தலைவரே கேலி செய்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கனிமொழியிடம் சொல்லலாம். அவர்தான் தி.மு.க.வின் கண்டனத் துறை. அரசாணையில் இல்லாத, நிதி ஒதுக்கீடு இல்லாத, ஓய்வில்லாத துறை. 2021-ல் கண்டித்தார். 2022 அக்டோபரில் சைதை சாதிக் என்கிற பேச்சாளர் பா.ஜ.க.வில் இருந்த நடிகைகளைப் பற்றி ஓர் அமைச்சர் மேடையில் இருக்கும்போதே அசிங்கமாகப் பேசினார். கனிமொழி ஒரு பெண்ணாகவும் மனுஷியாகவும் மன்னிப்புக் கேட்டார். பேசியவர் ஆண், மேடையில் கேட்டுக்கொண்டிருந்தவர் ஆண், மன்னிப்புக் கேட்டவர் பெண். கட்சிக்குள் வேலைப் பங்கீடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். 2023-ல் இன்னொரு பேச்சாளர், சிவாஜி கிருஷ்ணமூர்த்தி. கவர்னரைத் திட்டியதற்காக ஏற்கெனவே நீக்கி, பிறகு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர் நடிகை குஷ்புவை இழிவாகப் பேசினார். மறுபடி நீக்கம், கைது. 2025 ஏப்ரலில் வனத்துறை அமைச்சர் பொன்முடி.

பொன்முடி கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். கட்சியின் துணைப் பொதுச்செயலாளர். சைவத்தையும் வைணவத்தையும் ஒரு பாலியல் தொழிலாளியின் கட்டிலில் வைத்து ஜோக் சொன்னார். மத நம்பிக்கை புண்பட்டது என்று ஒரு கூட்டம் கொதித்தது. நாமமும் பட்டையும் புண்பட்ட அளவுக்கு அந்த ஜோக்கில் வரும் பெண்ணுக்காக யாரும் புண்படவில்லை. அவளுக்காகப் பேச மடமும் இல்லை, மன்றமும் இல்லை. சமயத்தைக் கிண்டலடிக்கப் பகுத்தறிவாளருக்கு முழு உரிமை உண்டு, நான் கைதட்டுவேன். அந்தக் கிண்டலுக்கு ஏணியாக ஒரு பெண்ணின் உடம்பைத்தான் போட வேண்டுமா? கட்சிப் பதவி போனது, சில வாரங்களில் அமைச்சர் பதவியும் போனது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. இதே பொன்முடிதான் 2022-ல், உயர்கல்வி அமைச்சராக இருந்தபோது, கட்டணமில்லாப் பேருந்தில் போகிற பெண்களைப் பார்த்து ‘ஓசி’யில் போகிறீர்கள் என்று மேடையில் சிரித்துக்கொண்டே கேட்டவர். அப்போதே பதவி போயிருந்தால் 2025-க்கு வேலை இருந்திருக்காது.

அந்தப் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஆவடியிலிருந்து வந்து திருமுல்லைவாயிலில் நிற்கும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் கையில் டிபன் டப்பாவோடு தொங்கிக்கொண்டு போவார்கள். 2021 மே 7-ம் தேதி தி.மு.க. ஆட்சி பதவியேற்ற அன்றே போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அந்தப் பயணம். நல்ல திட்டம். ரத்தத்தைச் சூடாக்குகிற இடமே அதுதான். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட இயக்கம் இவர்களுடையது. அறுபது ஆண்டு கழித்து 1989-ல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று புத்தகம் போட்டுக் கேட்ட பெரியாரின் படம் இல்லாத மேடை இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் இடுப்பு, அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் ‘ஓசி’. வலதுகை மகளிர் உரிமைத்தொகை கொடுக்கிறது, இடதுகை ஜோக்கடித்து அதைத் திரும்பப் பிடுங்குகிறது. ஆயிரம் ரூபாய் வாங்குகிறவள் ஆயிரம் ரூபாய்க்குக் கிண்டலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்த விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள்?

எதிர் முகாம் உடனே துள்ளி எழும், ‘பார்த்தீர்களா, இதுதான் திராவிட மாடல்’ என்று. உட்காருங்கள் ஐயா. எஸ்.வி. சேகரை மறந்துவிட்டீர்களா? மேடை நாடகத்தில் அரசியல் துணுக்குகளால் சபாக்களைச் சிரிக்க வைத்தவர். 2018 ஏப்ரலில் கவர்னர் பன்வாரிலால் புரோகித் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டி விவகாரமானபோது, பா.ஜ.க.வில் இருந்த சேகர், பெண் பத்திரிகையாளர்கள் எல்லாரையும் கேவலப்படுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். வசனத்தில் ஒரு கமா தள்ளிப்போனால் கவனிக்கிற நாடகக்காரர் படிக்காமல் பகிர்ந்தாராம். 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம், மேல்முறையீட்டிலும் உறுதியானது. நடிகர் ராதாரவி 2019 மார்ச்சில் பட விழா மேடையில் நயன்தாராவைப் பற்றி இழிவாகப் பேசி தி.மு.க.விலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அ.தி.மு.க.வுக்குப் போனார், அந்த ஆண்டு முடிவதற்குள் பா.ஜ.க.வுக்கும் போய்ச் சேர்ந்தார். பெண்ணை இழிவாகப் பேசியவருக்கு நம் மாநிலத்தில் தண்டனை என்பது பஸ் மாறி ஏறுவது. ஒரு கட்சி இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த கட்சி படிக்கட்டில் கைநீட்டிக்கொண்டு நிற்கும்.

வெள்ளைக்கார முற்போக்கும் இதில் நமக்குச் சளைத்தது இல்லை. அமெரிக்காவில் பில் மாஹர் என்று ஒரு டிவி நகைச்சுவையாளர், தாராளவாதிகளின் செல்லப்பிள்ளை. 2011-ல் குடியரசுக் கட்சித் தலைவி சாரா பாலினைப் பெண்ணுறுப்பைச் சொல்லும் வசைகளால் திட்டினார். அடுத்த ஆண்டு ஒபாமா ஆதரவு நிதிக் குழுவுக்கு பத்து லட்சம் டாலர் கொடுத்தார். திருப்பிக் கொடு என்று ஊரே கத்தியது. கொடுத்ததாகச் செய்தி இல்லை. அங்கே காசு கொடுத்தால் மறந்துவிடுகிறார்கள். இங்கே நாம் மறந்துவிட்டுப் பதவி கொடுக்கிறோம். ஏழை நாடாக இருந்தாலும் தாராளம் நம்முடையதுதான்.

திருமுல்லைவாயிலில் சிட்கோவின் பெண்கள் தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது, காட்டூர்ப் பக்கம். பெண்கள் முதலாளிகளாக இருந்து நடத்துகிற பட்டறைகள். அப்படி ஒரு பட்டறையில் பார்த்தேன். கடைந்து வந்த இரும்புத் தண்டு ஒன்றை முதலாளியம்மா வெர்னியரில் வைத்துப் பார்த்தார். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடியிருந்தது. ‘இது ரிஜெக்ட்’ என்று ஓரமாக வைத்தார். கைலியில் எண்ணெய்க்கறையோடு நின்ற ஆபரேட்டர் பையன் முனகினான், ‘கண்ணுக்கே தெரியலீங்க மேடம்.’ ‘கண்ணால அளக்கறதுன்னா எதுக்குடா கருவி?’ என்றார். அடுத்த தண்டை எடுத்தார். அவருக்கு வங்கிக் கடன் தவணை இருக்கிறது, ஜி.எஸ்.டி. இருக்கிறது, பெரிய கம்பெனி நூறு நாள் கழித்துத் தருகிற பில் தொகை இருக்கிறது, கரண்ட் சார்ஜ் இருக்கிறது. இவற்றில் எதைப் பற்றியாவது அரசியல் நையாண்டி செய்கிற நடுவர் யாராவது ஒரு ஜோக் சொல்லியிருக்கிறாரா? நூறு நாள் பில் பற்றி எத்தனை ஜோக் சொல்லலாம்! சொன்னால் அந்தக் கம்பெனி விளம்பரம் தராது. இந்த அம்மாவைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயமாக மேடைக்கு அவர் இடுப்புதான் கிடைக்கும், அதுவும் பிரசார வேனின் உயரத்திலிருந்து கண்ணால் அளந்தது.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. ஆவடி மாநகராட்சி எல்லைக்குள்தான் நாங்கள் இருக்கிறோம். வார்டு கூட்டத்து மேடையில் பெண் கவுன்சிலர் அமர்ந்திருப்பார், சால்வை பல ஊர்களில் கணவருக்குப் போர்த்தப்படும். பேச்சாளர் ‘நம்ம அண்ணன்’ என்று தொடங்குவார். அண்ணன் எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை. அண்ணி நின்றவர், ஜெயித்தவர், இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர். அவர் முன்னாலேயே பொண்டாட்டி ஜோக் தொடங்கும். அவர் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் திமிர்.

கோடையில் ஒரு சாயங்காலம் எங்கள் பக்கம் ஒரு கட்சியின் தெருமுனைக் கூட்டம் நடந்தது. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எதுவானாலும் பேச்சு இதேதான். மகளிர் குழுக்களிலிருந்து கூட்டிவந்த பெண்கள் முன்வரிசையில். பக்கத்தில் வேர்க்கடலை வேகவைத்து விற்கிற ஆயா, அடுப்போடு. விலைவாசி, மத்திய அரசு, நீட் என்று பேச்சாளர் நன்றாகத்தான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அரை மணியில் கைதட்டல் தேய ஆரம்பித்தது. தெரிந்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். கண் முன்வரிசைக்கு வந்தது, அங்கிருந்து கடலை அடுப்புக்குப் போனது.

‘என்ன ஆயா, உங்க காலத்துல உரல்ல மாவாட்டுனீங்க, அம்மியில அரைச்சீங்க. ஒடம்பு எப்படி சிக்குனு இருந்திச்சு! இப்ப இருக்கறவங்க பட்டனைத் தட்டிட்டு சீரியல் பாக்கறாங்க. இடுப்பு எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு. சரிதான ஆயா?’

ஆண்கள் பக்கம் விசில். ஆயா கரண்டியை அடுப்பு ஓரத்தில் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

‘ஆட்டுனது நானு. குந்திக்கினு துன்னது எங்கூட்டுக்காரு. அந்தாளு இடுப்பப் பத்தி நீ ஒண்ணுமே கேக்கலியே நைனா?’

முன்வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. வாயைப் பொத்தாமல் சிரித்தார்கள். ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்துச் சிரித்தாள். பேச்சாளரும் சிரித்துச் சமாளித்து, ‘ஆயா செம காமெடி’ என்றார்.

‘காமெடி இல்ல கண்ணு. மைக்க இப்டி குடு, மிச்சத்தையும் சொல்றேன்’ என்று கையை நீட்டினார் ஆயா.

பேச்சாளர் மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரர் கட்சிப் பாட்டைப் போட்டுவிட்டார்.